கிரனேடியர் குளத்தில் தூண்டில் போடப் போகிறவர்களுக்கு: காட், காசு, காலம்

ரொறன்ரோவில் கார் இல்லாமல், படகு இல்லாமல், சப்வேயில் போய் இறங்கி மீன் பிடிக்க வேண்டுமென்றால் ஹை பார்க்கின் மேற்கு ஓரத்தில் இருக்கும் கிரனேடியர் குளம்தான் முதலில் சொல்ல வேண்டிய இடம். நுழைவுக் கட்டணம் இல்லை. நடக்கப் பாதை உண்டு. பறவையும் ஆமையும் பார்க்கலாம். தூண்டிலோடு போகிறவருக்கு மட்டும் முன்கூட்டியே செய்ய வேண்டிய சில வேலைகள் இருக்கின்றன. புதிதாக வந்தவர்கள் சறுக்குவது பெரும்பாலும் குளக்கரையில் அல்ல, வீட்டில் கணினிக்கு முன்னால் லைசென்ஸ் வாங்கும்போதுதான். அதனால் அங்கிருந்தே தொடங்குவோம்.

1. லைசென்ஸ் வாங்க முன் நீங்கள் எந்த வகை என்று பாருங்கள்

ஒன்ராறியோ மீன்பிடி லைசென்ஸ் ஆளுக்கு ஆள் விலை மாறும். பிரஜாவுரிமை, பி.ஆர். (நிரந்தர வதிவுரிமை) காட் இவற்றை வைத்து மாறுவதில்லை. கேட்பது இரண்டே கேள்விதான். உங்கள் முதன்மை வீடு ஒன்ராறியோவில் இருக்கிறதா? விண்ணப்பிக்கும் நாளுக்கு முந்திய 12 மாதத்தில் தொடர்ச்சியாக 6 மாதமாவது இங்கே வசித்தீர்களா? இரண்டுக்கும் ஆம் என்றால் நீங்கள் ஒன்ராறியோவாசி. இல்லையென்றால் இல்லை.

இதில் மாட்டுப்படுகிறவர்கள் மூன்று வகை.

மார்ச்சில் பி.ஆர். கிடைத்து வந்திறங்கியவர், மே மாதத்தில் "நான் நிரந்தரவாசிதானே" என்று உள்ளூர்க்காரருக்கான மலிவு லைசென்ஸை வாங்கிவிடுவார். ஆறு மாதம் முடியவில்லை. அந்த லைசென்ஸ் செல்லாது. மறுபக்கம், படிக்க வந்து ஒரு வருடமாக ஸ்காபரோவில் அறை எடுத்து இருக்கும் மாணவர், தான் வெளிநாட்டவர் என்று நினைத்து மூன்று மடங்கு விலை கொடுப்பார். தேவையே இல்லை.

மூன்றாவது, ஊரிலிருந்து வந்த அப்பா அம்மா. "65 வயதுக்கு மேல் லைசென்ஸ் வேண்டாம்" என்று யாரோ சொல்லியிருப்பார்கள். அது கனடாவில் வசிக்கிறவர்களுக்கு மட்டும். யாழ்ப்பாணத்தில் வீடு வைத்துக்கொண்டு பேரப்பிள்ளையைப் பார்க்க வந்த 72 வயது அம்மப்பா தூண்டிலைக் கையில் எடுத்தால் வெளிநாட்டவருக்கான லைசென்ஸ் வேண்டும். கரையில் கதிரை போட்டு உட்கார்ந்து "இழு, இழு" என்று சொல்ல ஒன்றும் வேண்டாம்.

18 வயதுக்குக் குறைந்த, 65 வயதும் அதற்கு மேலுமான கனடாவாசிகளுக்கு லைசென்ஸ் தேவையில்லை. பெயரும் பிறந்த திகதியும் உள்ள அரசாங்க அடையாள அட்டை ஒன்று கையில் இருக்க வேண்டும். விடுமுறைக்கு வந்த வெளிநாட்டுப் பிள்ளை 18க்குக் குறைவு என்றால், லைசென்ஸ் உள்ள ஒருவர் கூட இருந்தால் போதும். பிள்ளை வைத்துக்கொள்ளும் மீன் அந்தப் பெரியவரின் கணக்கில் சேரும்.

2. எதை வாங்குவது, எவ்வளவு

ஒன்ராறியோவாசி வருட லைசென்ஸ் வாங்க இரண்டு சாமான் வேண்டும். ஒன்று அவுட்டோர்ஸ் காட்: 8.57 டொலர், மூன்று வருடத்துக்குச் செல்லும். மற்றது அதன்மேல் ஏறும் லைசென்ஸ். காட்டை மட்டும் வாங்கிவிட்டு "லைசென்ஸ் வாங்கிவிட்டேன்" என்று நினைக்கிறவர்கள் உண்டு. காட் வெறும் அடையாளம்தான், அதை வைத்து மீன் பிடிக்க முடியாது.

லைசென்ஸில் ஸ்போர்ட், கொன்சவேஷன் என்று இரண்டு தரம். ஸ்போர்ட் வருடத்துக்கு 26.57, கொன்சவேஷன் 15.07. மூன்று வருடத்துக்கு எடுத்தால் 79.71, 45.21. இவற்றுக்கு மேல் 13 வீதம் எச்.எஸ்.ரி. என்ற விற்பனை வரி ஏறும் என்று கணக்கு வையுங்கள். முதல் முறை வாங்குகிறவருக்கு காட், ஸ்போர்ட், வரி எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 40 டொலர். கொன்சவேஷன் என்றால் 27 அளவில் முடியும். விலை மாறக்கூடியது. பணம் கட்டும் பக்கத்தில் காட்டும் தொகைதான் கடைசி.

இரண்டுக்கும் வித்தியாசம், வீட்டுக்குக் கொண்டுபோகக்கூடிய மீனின் எண்ணிக்கை மட்டுமே. உதாரணமாக பாஸ் மீனில் ஸ்போர்ட்டுக்கு 6, கொன்சவேஷனுக்கு 2. பிடிக்கும் இடம், முறை, காலம் எல்லாம் ஒன்றுதான். கிரனேடியர் குளத்துக்கு மட்டும் போகிறவருக்கு கொன்சவேஷன் தாராளமாகப் போதும். இங்கே பிடிப்பதைப் பெரும்பாலும் திரும்ப விடத்தான் போகிறீர்கள். ஏன் என்பது எட்டாவது படியில் வருகிறது.

பிடிக்குமா பிடிக்காதா என்று தெரியாதவர் ஒருநாள் லைசென்ஸ் எடுங்கள். ஒன்ராறியோவாசிக்கு 12.21, அவுட்டோர்ஸ் காட் தேவையில்லை. வெளிநாட்டவருக்கு ஒருநாள் 24.86. அவர்களுக்கு எட்டுநாள் லைசென்ஸும் உண்டு: கொன்சவேஷன் 31.52, ஸ்போர்ட் 54.38, அவுட்டோர்ஸ் காட் தனி. ஒரு வாரத்துக்குள் இரண்டு முறை போவதாக இருந்தால், இரண்டு ஒருநாள் லைசென்ஸைவிட எட்டுநாள் கொன்சவேஷன் மலிவு.

வாங்குவது ஒன்லைனில் மாகாணத்தின் மீன், வனவிலங்கு லைசென்ஸ் சேவையில். இல்லையென்றால் சில சேர்விஸ் ஒன்ராறியோ நிலையங்களிலும், லைசென்ஸ் விற்கும் தூண்டில் கடைகளிலும், சில கனேடியன் டயர் கடைகளிலும். எல்லாக் கிளையிலும் இல்லை, கேட்டுவிட்டுப் போங்கள். ஒன்லைனில் கணக்குத் திறக்கும்போது பெயரை உங்கள் அடையாள அட்டையில் உள்ளபடியே போடுங்கள். நம் பெயர்களில் எது முதற்பெயர், எது குடும்பப்பெயர் என்ற குழப்பம் எங்கும் போல இங்கும் உண்டு. அப்பாவின் பெயரை ஓரிடத்தில் முன்னால், ஓரிடத்தில் பின்னால் போட்டால் அடுத்த முறை கணக்குத் திறக்காது.

பணம் கட்டியதும் லைசென்ஸ் விபரம் பி.டி.எஃப். ஆக வரும். போனில் சேமித்து வையுங்கள், அதுவே போதும். பிளாஸ்ரிக் காட் தபாலில் பிறகு வரும், அதற்காகக் காத்திருக்க வேண்டாம். குளக்கரையில் மீன், வனவிலங்குப் பாதுகாப்பு அதிகாரி வந்து கேட்டால் காட்ட வேண்டும். போன் சார்ஜ் இல்லை என்பது பதிலாகாது. ஒரு தாளில் அச்சிட்டுப் பெட்டிக்குள் போட்டு விடுவது நல்லது.

ஒரு சதமும் செலவழிக்காத வழியும் உண்டு. பெப்ரவரியில் ஃபமிலி டே வார இறுதி, மே மாதத்தில் அன்னையர் தின வார இறுதி, ஜூனில் தந்தையர் தின வார இறுதி, கனடா தினத்தை ஒட்டிய ஒரு வாரம். இந்த நாட்களில் கனடாவாசிகள் லைசென்ஸ் இல்லாமல் பிடிக்கலாம். அடையாள அட்டை வேண்டும், கொன்சவேஷன் எண்ணிக்கைதான் செல்லும். மற்ற விதிகள் எல்லாம் அப்படியே. முதல் முறை போகும் குடும்பத்துக்கு தந்தையர் தின வார இறுதியைச் சொல்வேன். தண்ணீர் சூடாகியிருக்கும், புளூகில் என்ற சின்னத் தட்டை மீன் கரைக்கே வந்து நிற்கும்.

3. எந்த மீனுக்கு எப்போது

ரொறன்ரோ வருவது ஒன்ராறியோ மாகாணத்தின் 16ஆம் மீன்பிடி வலயத்தில். ஒன்ராறியோ ஒவ்வொரு வருடமும் வெளியிடும் விதிச் சுருக்கத்தில் 16ஆம் வலயப் பக்கத்தை மட்டும் படித்தால் போதும்.

பொறி இருக்கும் இடம் லாஜ்மவுத் பாஸ். ஏப்ரல், மே மாதங்களில் கரையோரத்தில் கண்ணுக்கு முன்னால் நிற்கும். ஆனால் ஜூன் பிற்பாதியில் பருவம் திறக்கும்வரை அதைப் பிடிக்கக் கூடாது. அந்த மாதங்களில்தான் அது கூடு போட்டு முட்டையைக் காவல் காக்கிறது. தூக்கி எடுத்த அந்தச் சில நிமிடத்தில் சுற்றி நிற்கும் சின்ன மீன்கள் முட்டையைத் தின்றுவிடும். "பிடித்துவிட்டு விட்டுவிடுவேன்" என்பதும் குற்றம்தான். மூடிய பருவத்தில் அந்த மீனுக்கென்று தூண்டில் போடுவதே தடை. புளூகிலுக்குப் போட்ட புழுவில் தற்செயலாக பாஸ் ஏறினால் பிரச்சினையில்லை, உடனே விட்டுவிட வேண்டும். படம் எடுக்க நிற்கக் கூடாது. பைக் மீனுக்கும் வசந்தத்தில் மூடும் காலம் உண்டு, அது மே இரண்டாம் சனிக்கிழமை திறக்கிறது.

புளூகில், பம்ப்கின்சீட் போன்ற தட்டை மீன்களுக்கு வருடம் முழுவதும் திறந்தேயிருக்கும். உள்ளங்கை அளவு, துணிந்து கடிக்கும், பிள்ளைகள் கையால் பிடிக்கலாம். முதல் வருடம் இதற்கே போங்கள். மற்றதெல்லாம் தானாக வரும்.

நேரம்: மே கடைசியிலிருந்து செப்ரெம்பர் வரை, காலை ஒன்பது மணிக்கு முன், அல்லது மாலை ஆறுக்குப் பின். யூலை, ஓகஸ்ற் நடுப்பகலில் பாசி மிதக்கும், மீன் ஆழத்துக்குப் போய்விடும், கரையில் உங்களுக்கும் வெயில். பூங்காவில் நள்ளிரவு முதல் காலை 5.30 வரை நிற்கக் கூடாது. இரவு முழுக்கத் தூண்டில் போட்டுப் படுத்திருக்கும் ஊர்ப் பழக்கம் இங்கே சரிவராது.

தவிர்க்க வேண்டிய நாட்கள் ஏப்ரல் கடைசி, மே தொடக்கம். அப்போது செர்ரி பூக்கும். குளத்துக்கு மேலேயுள்ள சரிவில்தான் அந்த மரங்கள் நிற்கின்றன. நகரமே அங்கே வந்து நிற்கும், வீதிகளையும் மூடிவிடுவார்கள். பூப் பார்க்கப் போனால் பூ மட்டும் பாருங்கள். அந்தக் கூட்டத்தில் பின்னால் வீசிய முள் யாருடைய சேலையிலாவது ஏறும்.

4. போய்ச் சேர்வது

ஸ்காபரோவிலிருந்து வருகிறவருக்கு இது சுலபம். கென்னடி நிலையத்தில் 2ஆம் இலக்க சப்வேயில் ஏறினால் மாறாமல் ஹை பார்க் நிலையத்தில் இறங்கலாம், ஏறத்தாழ முக்கால் மணி நேரம். பிரெஸ்ரோ என்ற பயண அட்டையில் வளர்ந்தவருக்கு 3.30, இரண்டு மணி நேரம் செல்லும். 12 வயது வரை பிள்ளைகளுக்கு இலவசம். தூண்டிலை இரண்டாகக் கழற்றி, முள்ளை எடுத்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டு ஏறுங்கள். முள் தொங்க நீட்டிக்கொண்டு ரயிலில் நிற்பது மற்றவர்களுக்கு ஆபத்து.

ஞாயிற்றுக்கிழமை சப்வே காலை எட்டு மணியளவில்தான் தொடங்கும். விடியவே போய் நிற்கலாம் என்று ஆறு மணிக்கு நிலையத்துக்குப் போனால் கதவு பூட்டியிருக்கும். முந்திப் போக வேண்டுமென்றால் புளோர், டான்ஃபோர்த் வழியே ஓடும் 300 இலக்க இரவு பஸ்ஸைப் பாருங்கள். இல்லையேல் சனிக்கிழமைக்கு மாற்றுங்கள்.

காரில் வருகிறவர்களுக்கு: வார இறுதியிலும் விடுமுறை நாளிலும் ஹை பார்க்குக்குள் வாகனம் விடுவதில்லை. சுற்றியுள்ள தெருக்களில் நிறுத்த வேண்டும், பலகையில் நேரக் கட்டுப்பாடு எழுதியிருக்கும். அதில் விழும் தண்டம் வருட லைசென்ஸைவிடக் கூட வந்தாலும் வரும். வார நாளில் வருவதென்றால் மட்டும் கார் பிரயோசனம்.

நிலையத்திலிருந்து தெற்கே புளோர் வீதியைக் கடந்தால் பூங்கா. மேற்குப் பக்கச் சரிவில் இறங்கினால் வெண்டிகோ ஓடை குளத்தில் விழும் வடமுனைக்கு வரும். அங்கிருந்து கிழக்குக் கரையோரமாகப் பாதை தெற்கே போகிறது. சரிவு செங்குத்தானது. தள்ளுவண்டிப் பிள்ளையோடும், முழங்கால் நோவுள்ளவரோடும் வருகிறவர்கள் 506 இலக்க ஸ்ரீற்காரில் வந்து பூங்காவின் கிழக்கு வாசலில் இறங்கி, தார் போட்ட வீதியால் சுற்றி வருவது நல்லது. தூரம் கூட, ஆனால் காலுக்குச் சுகம்.

5. சாமான்

கடையில் 40 முதல் 60 டொலருக்கு தடியும் சுருளும் சேர்ந்த செற் கிடைக்கும். ஆறு அடி அல்லது ஆறரை அடி, மெலிந்த அல்லது நடுத்தர மெலிவு, ஸ்பின்னிங் வகை. அதற்குமேல் செலவழிக்காதீர்கள். அதுவும் வேண்டாம் என்றால் ஒன்ராறியோ மீன்பிடிப்போர், வேட்டைக்காரர் கூட்டமைப்பின் டாக்கிள்ஷேர் என்ற திட்டத்தில் சில நூலகங்களும் நிலையங்களும் தூண்டிலைப் புத்தகம் போல இரவல் தருகின்றன. உங்கள் கிளையில் கேட்டுப் பாருங்கள்.

தங்கூசி, அதாவது தூண்டில் நூல், 6 இறாத்தல் பலம். செற்றோடு சுற்றி வரும் தங்கூசி பலமுறை தடித்ததும் பழையதுமாக இருக்கும், சுருள் சுருளாக எழும்பிச் சிக்கும். ஏழெட்டு டொலருக்குப் புதிது வாங்கிச் சுற்றுங்கள். முதல் நாள் படும் பாட்டில் பாதி குறையும்.

முள் 8ஆம் இலக்கம், நீண்ட காம்பு. இலக்கம் கூடக்கூட முள் சின்னதாகும் என்பதை மனதில் வையுங்கள். "பெரிய மீன் வரட்டும்" என்று 1ஆம் இலக்கம் வாங்கினால் புளூகிலின் வாய்க்குள் போகாது, புழுவை மட்டும் சுற்றிவரக் கொறித்துவிட்டுப் போகும். மிதப்பு மெல்லிய நீள வகை. பாதி சிவப்பு பாதி வெள்ளையாக வரும் பெரிய பந்து வேண்டாம், அதை ஒரு சின்ன மீனால் அமிழ்த்த முடியாது. தூண்டிலைத் தாழ்த்தும் குண்டை ஈயமில்லாததாக வாங்குங்கள். உதிர்ந்த ஈயத்தை வாத்து விழுங்கினால் செத்துப்போகும்.

மூக்கு நீண்ட குறடு ஒன்று கட்டாயம். நகவெட்டி ஒன்று. ஈரத்துணி. தண்ணீர், தொப்பி, நுளம்புக்கு ஏதாவது.

இரைக்கு மண்புழு. டியூவேர்ம் என்று ஒரு டசின் டப்பா ஐந்து டொலர் அளவில் விற்கும். ரின்னில் வரும் சோளமும் ஆகும். உயிர் மீனையும் அட்டையையும் இரையாகப் பாவிப்பதற்கு 2022இலிருந்து வலயக் கட்டுப்பாடும், பற்றுச்சீட்டு வைத்திருக்க வேண்டிய விதியும் இருக்கின்றன. புதியவர் அந்தப் பக்கமே போக வேண்டாம். மிஞ்சிய புழுவைக் குளக்கரையில் கொட்டுவதும் தடை, தண்ணீரிலிருந்து 30 மீற்றருக்குள் இரை டப்பாவை வெறுமையாக்கக் கூடாது. ஊரில் மண்புழு மண்ணுக்கு நல்லது என்று படித்தவர்கள்தான் நாம். இங்கே டப்பாவில் வருவது வெளியிலிருந்து வந்த இனம், காட்டின் இலைமக்கை அழிக்கிறது. மூடியைப் பூட்டி வீட்டுக்குக் கொண்டுபோங்கள், குளிர்ப்பெட்டியில் இரண்டு வாரம் உயிரோடு இருக்கும். வீட்டில் யாரிடமும் சொல்லாமல் வைக்காதீர்கள்.

6. கட்டுவது, போடுவது

தங்கூசியை முள்ளின் கண்ணால் விட்டு ஒரு சாண் இழுங்கள். இழுத்த நுனியை மற்றத் தங்கூசியைச் சுற்றி ஐந்து முறை முறுக்குங்கள். நுனியைத் திருப்பி, முள்ளின் கண்ணுக்கு அருகே விழுந்திருக்கும் சின்ன வளையத்துக்குள் விடுங்கள், பிறகு இப்போது உண்டான பெரிய வளையத்துக்குள்ளும் விடுங்கள். வாயில் வைத்து ஈரமாக்கி மெதுவாக இழுங்கள். காய்ந்தபடி இழுத்தால் உராய்ந்து சூடாகி அந்த இடத்திலேயே பலம் போய்விடும். "பெரிய மீன் அறுத்துக்கொண்டு போய்விட்டது" என்ற கதைகளில் பல இந்தக் காய்ந்த முடிச்சுத்தான். நுனி சுருண்டு வளைந்து வந்திருந்தால் அறுபடவில்லை, முடிச்சு அவிழ்ந்திருக்கிறது.

முள்ளுக்கு ஒரு சாண் மேலே குண்டு. அதற்கு மேல் மிதப்பு, முள்ளிலிருந்து முக்கால் மீற்றர் அளவில். தண்ணீரில் போட்டதும் மிதப்பின் தலை ஒரு விரலகலம் மட்டும் தெரிய வேண்டும். பாதிக்கு மேல் நின்றால் குண்டு போதாது, இன்னொன்று சேருங்கள். மிதப்பு நிமிராமல் சரிந்து படுத்தால் குண்டு அடியில் தட்டியிருக்கிறது, மிதப்பை முள்ளின் பக்கம் இறக்குங்கள். இந்தக் குளத்தின் கரையோரம் ஆழம் குறைவு, அதனால் இரண்டாவது தவறே அதிகம் நடக்கும்.

புழுவை முழுதாகக் குத்த வேண்டாம். விரல் நகம் அளவுக்கு வெட்டி, முள்ளின் நுனியை மறைத்தால் போதும். தொங்கும் வால் மீனுக்கு இலவசச் சாப்பாடு.

எங்கே போடுவது? தூரத்தில் அல்ல. புதியவர்கள் எல்லோரும் குளத்தின் நடுவுக்கு வீசப் பார்ப்பார்கள். மீன் இருப்பது நாணல் முடியும் விளிம்பிலும், அல்லி இலைகளுக்கிடையே தெரியும் இடைவெளியிலும், விழுந்து கிடக்கும் மரத்தின் நிழலிலும்தான். ஐந்தாறு மீற்றர் போதும். பத்து நிமிடத்தில் ஒரு கொத்தலும் இல்லையென்றால் இருபது அடி தள்ளிப் போங்கள். மீன் வரும் வரும் என்று ஒரே இடத்தில் தவம் இருக்காதீர்கள்.

வீச முன் ஒவ்வொரு முறையும் பின்னால் பாருங்கள். பாதை உங்கள் முதுகுக்குப் பின்னால் ஓடுகிறது, அதில் நாயும் பிள்ளையும் ஓடும் ஆட்களும். கரையில் நிற்கும்போது ஒரு ஆளுக்கு ஒரு தூண்டில்தான் அனுமதி. இரண்டைப் போட்டு ஒன்றை மனைவியின் பெயரில் கணக்குக் காட்டலாம் என்றால், மனைவிக்கும் லைசென்ஸ் இருக்க வேண்டும். வேலியடைத்த இடம், புதிதாக நாணல் நட்ட கரை, தடைப் பலகை உள்ள இடம் இவற்றுக்குள் போகக் கூடாது. தண்ணீருக்குள் இறங்கவும் கூடாது.

7. மீன் ஏறினால்

கையை முதலில் தண்ணீரில் நனையுங்கள். காய்ந்த கை மீனின் வழுவழுப்பைத் துடைத்துவிடும், பிறகு அது நோய்ப்பட்டுச் சாகும். புளூகிலின் முதுகுச் செட்டையில் ஊசி இருக்கிறது. தலைப்பக்கத்திலிருந்து வால் நோக்கித் தடவி மடக்கிப் பிடித்தால் குத்தாது, எதிர்ப்பக்கமாகப் பிடித்தால் ஞாபகம் இருக்கும்.

முள்ளைக் குறடால் பிடித்து வந்த வழியே திருப்பி எடுங்கள். விழுங்கிவிட்டிருந்தால் தோண்டாதீர்கள். வாய்க்கு அருகே தங்கூசியை வெட்டிவிட்டு மீனை விடுங்கள். விழுங்காமல் தடுக்க வழி, மிதப்பு அமிழ்ந்ததும் சுண்டுவது. "நன்றாக விழுங்கட்டும்" என்று காத்திருப்பதுதான் இதைக் கெடுக்கிறது. குறட்டால் முள்ளின் எதிர்மூக்கை நசுக்கிவிட்டால் கழற்றுவது இன்னும் சுலபம். பிள்ளைகளின் தூண்டிலுக்கு இதைச் செய்துவிடுங்கள், விரலில் ஏறினாலும் உடனே வந்துவிடும்.

மீசையோடு கபில நிறத்தில் வருவது புல்ஹெட். நமது கெளிற்றின் தூரத்து உறவு, அதே போல மூன்று முள். இரண்டு பக்கச் செட்டையிலும் ஒன்று, முதுகில் ஒன்று. ஊரில் கெளிறு பிடித்த கைக்குச் சொல்ல வேண்டியதில்லை.

நீளமாக, வாத்து மூக்குப் போன்ற வாயோடு வருவது பைக். வாய்க்குள் விரல் விடாதீர்கள், பல் பிளேட். சில நேரம் ஆமை இரையைக் கவ்வும். பதறி இழுக்க வேண்டாம். மெதுவாகக் கரைக்குக் கொண்டுவந்து, முள் வெளியே தெரிந்தால் கழற்றுங்கள். உள்ளே போயிருந்தால் தங்கூசியை வெட்டி விட்டுவிடாமல் ரொறன்ரோ வனவிலங்கு நிலையத்தைக் கூப்பிட்டு ஆலோசனை கேளுங்கள், ஆமையின் தொண்டையில் முள் தங்கினால் உணவு எடுக்க முடியாமல் போகலாம்.

வெட்டிய தங்கூசி ஒரு துண்டும் கரையில் கிடக்கக் கூடாது. பறவையின் காலில் சுற்றி இறுகுவது இதுதான்.

8. சாப்பிடலாமா

எல்லோரும் முதலில் கேட்கும் கேள்வி. லைசென்ஸ்படி, பருவமும் எண்ணிக்கையும் சரியாக இருந்தால் கொண்டுபோகலாம். ஆனால் இது வீதிகளின் மழைநீர் வந்து சேரும் நகரக் குளம். ஒன்ராறியோ அரசு மீன் உண்பதற்கான வழிகாட்டி ஒன்றை இடவாரியாக வெளியிடுகிறது. அதில் குளத்தின் பெயரைத் தேடி, மீனின் இனத்தையும் நீளத்தையும் பார்த்து, மாதத்துக்கு எத்தனை முறை உண்ணலாம் என்று படியுங்கள். கர்ப்பமாகக்கூடிய வயதுப் பெண்களுக்கும் 15 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கும் தனி நிரல் இருக்கிறது. நம் வீட்டில் மீன் முதலில் போவது பிள்ளையின் கோப்பைக்குத்தான், ஆகவே அந்த நிரலைப் பாருங்கள். பொதுவாக மீன் பெரிதானால் நஞ்சும் கூடும். அதனால் பெரிய கெண்டையைப் பார்த்து குழம்புக் கனவு காணாதீர்கள்.

என் கருத்து: விட்டுவிடுங்கள், குழம்புக்குக் கடையில் வாங்குங்கள். அப்படியும் கொண்டுபோகிறவர் கரையிலேயே வெட்டித் தோலுரிக்க வேண்டாம். அதிகாரி பார்த்தால் என்ன இனம், எத்தனை என்று தெரியும்படி தோலோடு இருக்க வேண்டும். உயிரோடு வாளியில் கொண்டுபோவது தடை. வீட்டுத் தொட்டி மீனையும் ஆமையையும் "பாவம், விட்டுவிடுவோம்" என்று இந்தக் குளத்தில் விடுவதும் தடை. கட்டையில் ஏறி வெயில் காயும் ஆமைகளில் காதோரம் சிவப்புக் கோடு உள்ளவை எல்லாம் அப்படி யாரோ விட்டதன் வழி வந்தவை.

9. தூண்டில் இல்லாமல் வருகிறவர்களுக்கு

கிழக்குக் கரைப் பாதையை மட்டும் போய்வாருங்கள். முழுச்சுற்று என்று வரைபடத்தில் தெரியும், ஆனால் மேற்குப் பக்கத்தில் ஒரு பகுதி வீடுகளின் பின்வளவு. தெருவுக்கு ஏறி எல்லிஸ் பார்க் வீதியால் சுற்ற வேண்டும், தண்ணீர் கண்ணில் படாது.

ஏப்ரலிலிருந்து செப்ரெம்பர் வரை, மாலை மங்கும்போது நாணல் ஓரத்தில் குந்தியிருக்கும் சாம்பல் நிறக் கொக்கைத் தேடுங்கள். கறுப்புத் தலை, சிவந்த கண். இது நம் ஊர் வக்காவேதான், அதே இனம். மேலே வட்டமிட்டு, கால் முன்னால் நீட்டித் தண்ணீரில் விழும் விரால் அடிப்பானும் அதே இனம்தான். தொலைநோக்கி இருந்தால் கொண்டுவாருங்கள், இல்லாவிட்டாலும் பரவாயில்லை, இந்தக் குளத்துப் பறவைகளுக்கு ஆட்கள் பழக்கம்.

ஜூனில் பாதையோர மண்ணில் பெரிய ஸ்னப்பிங் ஆமை குழி தோண்டிக்கொண்டிருந்தால் முட்டையிடுகிறது. தள்ளி நில்லுங்கள். வாலைப் பிடித்துத் தூக்கினால் அதன் முதுகெலும்பு கெடும், அதன் கழுத்து நீளமும் நீங்கள் நினைப்பதைவிடக் கூட. வசந்தத்தில் குட்டியோடு வரும் அன்னத்துக்கும் வழி விடுங்கள்.

வாத்துக்குப் பாண் போடாதீர்கள். நகரச் சட்டப்படி காட்டு விலங்குக்கும் பறவைக்கும் தீனி போடத் தடை. பிள்ளைகள் அழுதால் அதே பூங்காவிலுள்ள சின்ன மிருகக்காட்சிச் சாலைக்குக் கூட்டிப்போங்கள், இலவசம்.

பாதையை விட்டுப் புல்லுக்குள் இறங்கினால் மூன்று மூன்று இலையாக நிற்கும் பொய்சன் ஐவியைக் கவனியுங்கள், பட்டால் இரண்டு வாரம் சொறிவீர்கள். வீட்டுக்கு வந்து காலில் உண்ணி ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். வசந்தத்தில் சில நாட்கள் கறுப்பு ஓக் காட்டில் நகரசபையே திட்டமிட்டுத் தீ வைக்கும். அன்று பூங்காவின் ஒரு பகுதி மூடியிருக்கும், புகையைப் பார்த்து 911 அடிக்க வேண்டாம்.

10. பனிக்காலம்

குளம் உறைந்ததும் மேலே ஆட்கள் நடப்பதைப் பார்ப்பீர்கள். அதைப் பார்த்து இறங்காதீர்கள். மழைநீர்க் குழாய் வழியாக வீதி உப்பு இந்தக் குளத்துக்கு வருகிறது. உப்புத் தண்ணீர் லேசில் உறையாது, ஓடை விழும் இடத்திலும் குழாய் வாய்களிலும் பனிக்கட்டி மெல்லியதாகவே இருக்கும். மேலே பனி மூடிவிட்டால் எது தடிப்பு, எது மெலிவு என்று கண்ணுக்குத் தெரியாது. கரையில் நகரசபை அன்றைக்கு என்ன பலகை வைத்திருக்கிறதோ அதை மட்டும் நம்புங்கள். பனியில் துளை போட்டு மீன் பிடிக்க ஆசை என்றால் குடில் வாடகைக்கு விடுகிறவர்கள் இருக்கும் சிம்கோ ஏரிக்குப் போங்கள். வருட லைசென்ஸ் எடுத்தவர் அதையே அங்கேயும் காட்டலாம்.